உழைச்செல்வான்: இல்லத்தில் நோயாளரைப் பேணல்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருதல் வேண்டும் என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். சங்கச் செய்யுளின் நயத்தையோ ஈழத்துப் புலவர் வரலாற்றையோ எழுதுவதற்கு நம் கல்லூரியில் எம்மினும் வல்லார் பலர் உளர். நாம் எழுதத் துணிந்த பொருள் வேறு. வீட்டிலே நோயுற்றுக் கிடக்கும் ஒருவரைப் பேணுவது எவ்வாறு, வீட்டாரை நோய் அணுகாது காப்பது எவ்வாறு என்பதே அது. நாம் வைத்தியரல்லேம்; தாதியுமல்லேம். எனினும் அறியாமையாற் பிழை செய்து, அறிந்தோர் சொல்லக் கேட்டுத் திருந்தியவர் என்ற உரிமை எமக்குண்டு. அப்பிழை நம் மாணவர் வீடுகளில் மீண்டும் நிகழலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது வீட்டில் நிகழ்ந்தது

2016ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு விடியற்காலை எமது தந்தையார் கிணற்றடியில் விழுந்தார். வலக்கையும் வலக்காலும் வழங்கவில்லை, பேச்சுக் குழறியது. பாரிசவாதம் என்றனர் வைத்தியர். பன்னிரண்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபின், இனி வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தனர். எவ்வாறு பார்ப்பது என்று நாமும் கேட்கவில்லை. பெற்ற தந்தையைப் பார்ப்பதற்குப் பிறரிடம் கேட்டறிய வேண்டியது என்ன இருக்கின்றது என்பதே அன்றைய எமது எண்ணம்.

வீட்டில் நாம் அறுவர் இருந்தோம். அவரிடத்து அன்பில்லாதவர் எவருமிலர். புதிய மெத்தை வாங்கிக் கட்டிலில் இட்டோம். அசைத்தால் வருந்துவார் என்று அசைக்காமல் வைத்திருந்தோம். எழுப்பினாற் களைப்பார் என்று கிடந்தபடியே கஞ்சி பருக்கினோம். தூக்கும்பொழுது வழங்காத கையைப் பற்றித் தூக்கினோம். இடுப்பும் குதிக்காலும் சிவந்தபொழுது நல்லெண்ணெய் பூசி அழுத்தி உருவினோம். இவையெல்லாம் அன்பினாற் செய்தவை.

மூன்றாம் வாரத்தில் முதுகின் அடிப்புறத்தே உள்ளங்கையகலத்தில் தோல் கறுத்து உரிந்தது. கஞ்சி பருகுந்தோறும் இருமல் எழுந்தது. இரவிற் காய்ச்சல் கண்டது. எமது ஒழுங்கையிலே இளைப்பாறிய தாதி ஒருவர் வசித்து வந்தார். அவரை அழைத்தோம். நோயாளியைப் புரட்டிப் பார்த்த அந்த அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "மாஸ்ரர், உங்கட அன்பிலை ஒரு குறையுமில்லை. கைகளுக்குத்தான் படிப்பில்லை" என்றார்.

இருபதாண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவரும் எமக்கு அச்சொல் சுட்டது. ஆயினும் அது மெய்ச்சொல். பிள்ளைகளை நேசிப்பவரெல்லாம் ஆசிரியராகிவிடுவதில்லை. கற்பிக்கும் முறையைப் பயிலல் வேண்டும் என்று கலாசாலையில் இரண்டாண்டுகள் எமக்குப் பயிற்சி அளித்தனர். அந்த நியாயம் நோயாளரைப் பேணுவதற்கும் பொருந்தும் என்பது எமக்குத் தோன்றாமற் போயிற்று.

வள்ளுவர் வகுத்த நான்கு

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்து வந்திருக்கின்றோம். மருத்துவம் நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறுடையது என்பது அதன் கருத்து. உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்து இயற்றி உதவுபவன். மருத்துவனுக்கும் மருந்துக்கும் ஒத்த இடத்தை வள்ளுவர் அவனுக்கு அளித்துள்ளார். பரிமேலழகர் தம் உரையில் இந்நால்வகைக்கும் தனித்தனி நான்கு இயல்புகள் கூறுவர். அவற்றுள் உழைச்செல்வானுக்கு உரியவை நோயாளியிடத்து அன்புடைமை, மனம் மொழி மெய்களால் தூயனாதல், சொல்லியவற்றை அவ்வாறே செய்யவல்லனாதல், அறிவுடைமை என்பன.

இதனைப் பரீட்சைத்தாளில் வினாவாகக் கொடுத்து, நான்கையும் முறையாக எழுதிய மாணவனுக்கு நான்கு புள்ளிகள் இட்டவர் நாம். எமது தந்தையாரின் கட்டிலருகே எமக்கு வைத்த பரீட்சையிலோ நாம் பெறத்தக்கது ஒரு புள்ளியே. அன்பு ஒன்றிருந்தது, ஏனைய மூன்றும் இல்லை. அம்மூன்றையும் அந்த அம்மையாரிடமும், பின்னர்ப் பிற அறிஞரிடமும் கற்றோம். கற்றவற்றுள் எவர்க்கும் பயன்படுவனவற்றை இங்கே தருகின்றோம்.

அறிவுடைமை

படுக்கைப் புண் ஏன் உண்டாகின்றது? உடலின் பாரம் ஓரிடத்தையே நெடுநேரம் அழுத்துமாயின், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்கும் தசைக்குக் குருதி செல்லாது தடைப்படும். குருதியின்றி அத்தசை இறக்கும். நலமுள்ளவர் உறக்கத்திலும் தம்மையறியாது புரண்டு படுப்பர். புரள இயலாதவரைப் பிறரே புரட்டுதல் வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடப்புறம், மல்லாந்த நிலை, வலப்புறம் என மாற்றுவது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் முறை. பக்கமாகக் கிடத்தும்பொழுது இடுப்பெலும்பின்மீது நேராகக் கிடத்தாது, முதுகுப்புறம் தலையணை கொடுத்துச் சிறிது சரித்துக் கிடத்துக. கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்துக் குதிக்கால் எங்கும் படாமல் விடுக. இழுத்து நகர்த்தாமல் விரிப்போடு தூக்கி நகர்த்துக. இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். அழுத்தும்பொழுது வெளிறி, எடுத்தபின் மீண்டும் சிவக்குமாயின் அங்கே குருதி ஓடுகின்றது. வெளிறாது சிவந்தே இருக்குமாயின் அது புண்ணின் தொடக்கம். கறுத்த மேனியிற் சிவப்பு எளிதிற் புலப்படாது. சூடும் தடிப்பும் நோவும் அறிகுறிகளாம். அவ்விடத்தை உருவுதல் கூடாது. நசுங்கியிருக்கும் தசையை அது மேலும் நசுக்கும். நாம் நல்லெண்ணெய் பூசி உருவியதன் பலன் இதுவே. நடுவில் துளையுள்ள வளையத் தலையணையும் ஆகாது. அது சுற்றுப்புறத்தை அழுத்தி நடுவிடத்துக்குச் செல்லும் குருதியைக் குறைக்கும். முட்டை, மீன், பருப்பு முதலிய புரதவுணவு இன்றிப் புண் ஆறாது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

அடுத்து, உணவூட்டல். பாரிசவாதத்தில் விழுங்கும் தசைகளும் வலிமை இழக்கலாம். அந்நிலையில் உணவும் நீரும் இரைப்பைக்குச் செல்லாது நுரையீரலுட் புகும். எமது தந்தையாருக்கு வந்த இருமலும் காய்ச்சலும் அதனால் வந்தவை. ஆதலால் நோயாளியை நிமிர்த்தி இருத்தியே ஊட்டுதல் வேண்டும். சிறு கரண்டியிற் சிறிது சிறிதாக, வலிமையுள்ள பக்கத்து வாயில் வைத்து, முன்னையது விழுங்கப்பட்டதைக் கண்டபின்பே அடுத்ததைக் கொடுத்தல் வேண்டும். உண்டபின்பும் அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்கவேண்டும். பலருக்குத் தெளிந்த நீரே கூழினும் கடிது. அது விரைந்து ஓடிவிடுமாதலின் தொண்டை ஆயத்தமாவதற்கு நேரமில்லை. உண்ணும்பொழுது இருமல் வரினும், குரல் நீர் தங்கியதுபோல் மாறினும் ஊட்டுவதை நிறுத்தி வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

வழங்காத கையைப் பற்றி ஒருபோதும் இழுத்தல் கூடாது. தசைகள் தளர்ந்த தோள்மூட்டு எளிதில் இடம்பெயரும். இருக்கும்பொழுது அக்கையைத் தலையணைமேற் தாங்கி வைத்தல் வேண்டும்.

தூய்மை

நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டு இருபது விநாடி கைகழுவுதல் முதலாவது விதி. வாய் உண்ணாதிருப்பினும் நாள்தோறும் இருமுறையேனும் துப்புரவு செய்யப்படல் வேண்டும்; வாயிற் பெருகும் கிருமிகளே உமிழ்நீரோடு இறங்கி நுரையீரலைத் தாக்கும். மலசலத்தின் ஈரம் தோலிற் படிந்திருக்க விடலாகாது. விரிப்பில் மடிப்போ சோற்றுப் பருக்கையோ கிடப்பினும் அது நலிந்த தோலை அறுக்கும்.

பனிக்காற்றுப் படும் என்று யன்னல்களை அடைத்து, நோயாளியை இருண்ட அறையிற் போட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. 1859இல் இங்கிலாந்தில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் நோயாளர் பராமரிப்புப் பற்றி வெளியிட்ட சிறு நூல், தாதிமாருக்குரிய பாடநூலாக எழுதப்பட்டதன்று. வீட்டில் பிறர் நலத்தைப் பேணும் பொறுப்புள்ள சாதாரணப் பெண்களுக்காக எழுதப்பட்டது. தூய காற்று, வெளிச்சம், துப்புரவு, அமைதி என்பவற்றையே அந்நூல் வற்புறுத்திற்று.

தூய்மையின் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது வயிற்றோட்டத்தில். நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுதலும், மலகூடத்துக் குழியைக் கிணற்றிலிருந்து போதிய தூரத்தில் அமைத்தலும் யாழ்ப்பாணத்தில் இரட்டிப்பு முக்கியமுடையவை. நமது நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளினூடே மேலுள்ள அழுக்கு விரைந்து நிலத்தடி நீரை அடையும். வயிற்றோட்டம் கண்டவருக்கு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே உயிர்காக்கும் சிகிச்சை. ஜீவனிப் பொதியை அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். அது கிடையாதவிடத்து, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொள்ளலாம். உப்பு மிகுதல் தீது. கரைத்த நீரை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது. கண் குழிதல், சலம் போகாமை, சோர்ந்து மயங்குதல், மலத்தில் இரத்தம் என்பன கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

சொல்லியவாறு செய்தல்

பரிமேலழகர் கூறியவற்றுள் மிகக் கடினமானது இதுவே எனக் கண்டோம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுதல் முதல் நாளில் எளிது. முப்பதாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எளிதன்று. அந்த அம்மையார் எம்மை ஒரு கொப்பி வாங்கச் செய்தார். எத்தனை மணிக்கு எப்பக்கம் புரட்டியது, என்ன உண்டார், எவ்வளவு நீர் பருகினார், சலம் போன நேரம், கொடுத்த மருந்து, கொடுத்தவர் பெயரின் முதலெழுத்து என யாவும் அதில் எழுதப்படல் வேண்டும் என்றார். "நான் குடுத்தன் எண்டு நினைச்சன்" என்ற சொல் அதன்பின் எமது வீட்டில் ஒழிந்தது. வைத்தியரிடம் செல்லும்பொழுது அக்கொப்பியே எமக்காகப் பேசிற்று.

காய்ச்சலிலும் இவ்வொழுங்கு உயிர்காக்கும். மாரி மழையை அடுத்து நமது பகுதியில் டெங்கு பெருகுவதை அனைவரும் அறிவர். டெங்கு என ஐயுறும் காய்ச்சலுக்கு வைத்தியர் குறித்த அளவில் பனடோல் மாத்திரமே கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுறொபன் முதலியன குருதிப்பெருக்கை மிகுவிக்கும். காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை என்பதைப் பலர் அறியார். காய்ச்சல் விட்டது என்று மகிழ்ந்திருக்கும்பொழுது வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், இரத்தக் கசிவு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

பாரிசவாதத்தில் நேரமே மருந்து. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை உயர்த்த இயலாமை, பேச்சுக் குழறுதல் என்னும் மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும் நேரத்தைக் குறித்துக்கொண்டு விரைதல் வேண்டும். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி ஏறத்தாழ நாலரை மணித்தியாலத்துள்ளேயே, அதற்கு ஏற்றவரெனக் கண்டவருக்கு ஏற்றுவர். 2018ஆம் ஆண்டு முதல் வடமாகாணத்திலும் 1990 என்ற இலக்கத்தை அழைத்து இலவச அம்புலன்சைப் பெறலாம். வண்டி வரும்வரை வாயில் நீரோ உணவோ மாத்திரையோ இடுதல் கூடாது.

நோய் வருமுன்

இதுவரை கூறியவை நோய் வந்தபின் செய்வன. எமது தந்தையாரின் நோய் வராமலே தடுக்கப்பட்டிருக்கலாம் என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அவருக்கு உயர் குருதி அமுக்கம் இருந்தது. அவர் விழுந்த பின்னர் அலுமாரியைத் திறந்தபொழுது, உண்ணப்படாத குளிசைப் பைகள் ஆறு மாதத்துக்கு உரியவை கிடந்தன. தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, பின் எதற்குக் குளிசை என்று விட்டிருக்கின்றார். குருதி அமுக்கம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாது என்பதை அவர் அறியார். அவர் குளிசை எடுக்கின்றாரோ என்று நாம் ஒருநாளும் கேட்டிலேம்.

நலமாயிருக்கும்பொழுது காவலைக் கைவிடுதல் தனியொருவரின் குறையன்று. நம் நாடே ஒருமுறை அப்பிழையைச் செய்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாவினால் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் இறந்தனர். பின்னர் நுளம்பு ஒழிப்புத் தீவிரமாக நடைபெற்று, 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிற்று என்று காவல் தளர்ந்தது. 1967 முதல் 1969 வரையிலான காலத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். பல்லாண்டு உழைப்பின் பின்பே, 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், குணமாயிற்று என்று குளிசையை விட்ட ஒருவர் எமது கிணற்றடியில் விழுந்தார்.

மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, உணவின் அளவும் பொருத்தமும் பற்றியன. இன்று நம்மவரை வருத்தும் நீரிழிவு, குருதி அமுக்கம், இருதயநோய் என்பவற்றை நோக்கின் அதன் பொருத்தம் விளங்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு ஐந்து கிராமுக்கு உட்படல் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கறியில் இடும் உப்பு மட்டுமன்றிக் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் என்பவற்றில் உள்ளதும் அதனுள் அடங்கும். கோப்பையில் சோற்றைக் குறைத்துக் கீரையும் மரக்கறியும் கூட்டுதல், வாரத்தில் நூற்றைம்பது நிமிடமேனும் விரைந்து நடத்தல், புகையிலையையும் மதுவையும் விலக்கல் என்பன பணச்செலவற்ற மருந்துகள். நீரிழிவுள்ளவர் நாள்தோறும் இரவிற் பாதங்களைப் பார்த்தல் வேண்டும். உணர்ச்சி குன்றிய காலில் முள் தைத்தாலும் நோகாது. நோகாத புண்ணே காலைக் கொள்ளும். அரசினர் வைத்தியசாலைகளில் 2011ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் நடுவயதினர் தம் குருதி அமுக்கத்தையும் சீனியையும் கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம். நோயாளியாகச் செல்வதன்முன் நலமுள்ளவராக ஒருமுறை அங்கே செல்லுதல் நன்று.

அறிவு வீட்டுக்கு வந்த வழி

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றனர். ஊரவர் பேசும் மொழியிற் கற்றவர் ஊரிலே தங்கி உதவுவர் என்பது அவர் கருத்து. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு, நோயாளி வருமட்டும் காத்திராது வீடுகளைத் தேடிச்செல்லும் முறையைத் தொடங்கிற்று. இன்று நமது படலையைத் திறந்து வரும் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அம்மரபின் வழிவந்தோர். கர்ப்பிணியையும் குழந்தையையும் காக்கும் அறிவு இவ்வாறே வீடுதோறும் சென்றது. முதியோரையும் படுக்கையிற் கிடப்போரையும் பேணும் அறிவோ இன்னும் அவ்வாறு சென்று சேரவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் எட்டுப்பேருள் ஒருவர் அறுபது வயதை எட்டியவர். அத்தொகை வளர்ந்து வருகின்றது.

கல்லூரிக்கும் பழைய மாணவருக்கும்

நம் பழைய மாணவருட் பலர் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோர் இங்கே பெரிய வீடுகளில் இருவராய், சிலர் ஒருவராய் இருக்கின்றனர். மாதந்தோறும் பணம் வருகின்றது. நாள்தோறும் தொலைபேசி பேசுகின்றது. ஆயின் புரட்டிக் கிடத்துவதற்கு ஒரு கை வேண்டும். கூலிக்கு அமர்த்தப்படுபவரும் பயிற்சியற்றவரே. பணத்தினால் அன்பைக் காட்டலாம். மற்றைய மூன்றையும் யாரேனும் கற்றுவைத்திருந்தால்தான் அது பயன்படும்.

ஆதலின் இரண்டு வேண்டுகோளை இம்மலர் வாயிலாக முன்வைக்கின்றோம். முதலாவது, மேல்வகுப்பு மாணவர் அனைவருக்கும் ஆண்டுதோறும் ஆறு சனிக்கிழமைகளில் இல்லப் பராமரிப்புப் பயிற்சி அளித்தல். நம் பழைய மாணவருள் வைத்தியரும் தாதியரும் இருக்கின்றனர். கற்பிப்பதற்கு ஆளில்லை என்று கூறவியலாது. இரண்டாவது, சில்லுக் கதிரை, நடைச்சட்டம், காற்று மெத்தை, மலங்கழிக்கும் கதிரை முதலியவற்றைக் கல்லூரியிற் சேர்த்து வைத்து, வேண்டுவோர்க்கு இரவல் கொடுத்து மீளப்பெறும் ஒரு களஞ்சியத்தைப் பழைய மாணவர் சங்கம் அமைத்தல். ஒருவர் பயன்படுத்தியபின் பத்தியில் தூசிபடிந்து கிடக்கும் சில்லுக் கதிரைகள் ஊரில் எத்தனை!

இது பெண்களின் வேலை என்று கூறி நம் மாணவர் ஒதுங்கலாகாது. எமது வீட்டிலும் முதலில் அவ்வாறே இருந்தது. எமது மனைவியாரும் தமக்கையாரும் இரவும் பகலும் உழைத்துக் களைத்தனர். தந்தையாரைப் புரட்ட இருவர் வேண்டும், ஆண்பிள்ளைகள் எங்கே என்று அந்த அம்மையார் கேட்டபின்பே நாமும் எமது மகனும் முறைவைத்து எழுந்தோம். பேணுவோர்க்கும் உறக்கம் வேண்டும், ஓய்வு வேண்டும். களைத்த கையிலிருந்து அன்பும் மெல்ல நழுவும். நான்கு இயல்பிலும் நமக்கு முன்பே இருந்த அந்த ஒன்றைக் காப்பதற்கும் முறைவைத்தல் இன்றியமையாதது. பதினான்கு வயதினனாயிருந்த எமது மகனே விரிப்போடு தூக்கும் முறையை எம்மெல்லோரினும் விரைவாகக் கற்றான்.

புண் ஆற நான்கு மாதமாயிற்று. அதன்பின் தந்தையார் கதிரையில் இருக்கவும், இடக்கையால் உண்ணவும் பழகினார். மாலைவேளைகளில் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, ஒழுங்கையிற் போவோர் வருவோரைப் பார்த்துத் தலையசைப்பார். பேரனுக்கு வாய்பாடு கேட்பார். அவன் பிழைவிட்டால் குழறிய நாவினாலேயே திருத்துவார். இரண்டரை ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்து, 2019ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். இறுதியாக அவரைக் குளிப்பாட்டியபொழுது, அந்தப் பழைய தழும்பைத் தவிர அவர் மேனியில் ஒரு புண்ணும் இருக்கவில்லை. எமது கைகள் பெற்ற படிப்புக்கு அதுவே அத்தாட்சிப்பத்திரம் என்று கொள்கின்றோம். எமது முதற் பிழையின் அடையாளமாக அத்தழும்பும் அங்கே இருந்தது. அத்தகைய தழும்பு இல்லாமலே நம் மாணவர் இதனைக் கற்றுக்கொள்வராக. வாழ்க நம் கல்லூரி!